வாடகைக்கு இருக்கிறவர் எந்தப் பட்டியலில் வருவார்? ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்க வாடகை அறைகள் பற்றி

டிக்கோயா_சாரல்

இலங்கை மலையகத்தில் வீட்டுப் பிரச்சினை என்றதும் பேச்சு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) தொடங்கி, தனி வீடு எப்போது என்பதில் முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு பெரிய கூட்டம் விடுபட்டுப் போகிறது. தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை டவுன்களில் கடை, ஹோட்டல், கராஜ், ஓட்டோ என்று பிழைக்கிறவர்கள். ஓர் அறை, அதோடு ஒட்டிய சின்னக் குசினி, பக்கத்து மூன்று குடும்பத்தோடு பொதுவான கக்கூஸ். அதற்குத்தான் மாத வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், தண்ணீர் பில்.

2015க்குப் பிறகு வந்த தோட்ட வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள்: 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. இந்திய உதவியில் மூன்றாம் கட்டத்தில் 4,000 வீடு, நான்காம் கட்டத்தில் 10 பேர்ச்சஸில் 10,000 வீடு. எல்லாமே தேவையானவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடிப்படை தோட்டத்தில் இருக்கும், தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். டவுனில் வாடகைக்கு இருக்கும் அதே தோட்டத்துப் பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை. டவுன் கணக்கிலும் அவர் வருவதில்லை, ஏனென்றால் வாக்காளர் இடாப்பில் பேர் இன்னும் அப்பாவின் லயத்தில்தான்.

ஒப்பந்தம், அட்வான்ஸ், மீட்டர், முகவரி, பட்டியல் என்று எந்த இடத்தில் இந்த அநியாயம் நடக்கிறது, எந்த இடத்தில் கைவைத்தால் கொஞ்சமாவது சரிபண்ணலாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அரசியல்வாதியைத் திட்டுவதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

நொத்தாரிசு_மேசை

ஒப்பந்தத்தில் இருந்து தொடங்குகிறேன். மிச்சம் எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

இங்கே வழக்கமாக நடப்பது இதுதான். கடையில் அச்சடித்த படிவத்தில் பேர், அடையாள அட்டை இலக்கம், வாடகை, அட்வான்ஸ் எழுதி, முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். "ரெண்டு வருஷ எக்ரிமென்ட்" என்பார்கள். சட்டப்படி அது இரண்டு வருட ஒப்பந்தம் இல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்துபவர்) முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதிக் கையெழுத்திடப்பட வேண்டும். அப்படி எழுதாவிட்டால் இரண்டு வருடம் என்று அந்தத் தாளில் இருப்பதை நீதிமன்றத்தில் பிடித்து நிற்க முடியாது. நீங்கள் மாதாமாதம் இருக்கும் வாடகையாள், அவ்வளவுதான்.

அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். எந்தத் திகதியில் குடிவந்தீர்கள், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள், யார் வாங்கினார் என்பதற்கு அது சான்று.

நொத்தாரிசிடம் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, குத்தகை கொடுப்பவர் பேரில்தான் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா. ஹட்டன் டவுனில் அப்பா பேரில் இருக்கும் வீட்டை மகன் வாடகைக்குக் கொடுப்பதும், குத்தகைக்கு எடுத்தவர் மறுபடி மேல்வாடகைக்கு விடுவதும் நிறைய. மேல்வாடகை என்றால் மூல ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மூலக் குத்தகை முடிகிற அன்றே உங்கள் இருப்பும் முடிந்துவிடும். இரண்டு, பத்திரம் சிங்களத்திலோ இங்கிலிஷிலோ இருந்தால் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நொத்தாரிசின் கடமை. மூன்று, காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு ஒரு பிரதி கட்டாயம் வாங்கி வையுங்கள். பள்ளிக்கூட விஷயத்துக்கு அந்தப் பதிவுதான் உதவும்.

யூனிட்_கணக்கு

வாடகைத் தொகையை மட்டும் பார்த்து அறை எடுக்கிறவர்கள் தவறவிடுவது மின்சாரம். இதில் ஏழைதான் கூடுதலாகக் கட்டுகிறார். எப்படி என்று காட்டுகிறேன்.

மின்சார சபையின் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாகக் கூடுகிற அமைப்பு. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண முறை. 60ஐத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு முறை. அதற்குள் 61–90, 91–120, 121–180, 180க்கு மேல் என்று படிகள். மேல்படியில் யூனிட் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். விலை அடிக்கடி மாறும், அமைப்பு இதுதான்.

இப்போது ஒரு மீட்டரில் நான்கு அறை இருக்கும் வீட்டை எடுங்கள். சப் மீட்டர் வாசிப்பு 45, 38, 52, 41 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 176. மெயின் மீட்டரில் 200. இடையில் உள்ள 24 யூனிட் தண்ணீர் மோட்டர், படிக்கட்டு பல்ப், பொதுக் கக்கூஸ் பல்ப். இந்த நான்கு குடும்பத்தில் ஒன்றுகூட 60 யூனிட்டைத் தாண்டவில்லை. தனித்தனி மீட்டர் இருந்தால் நான்கும் மலிவான முறையில் கட்டும். ஒரே மீட்டரில் இருப்பதால் 200 யூனிட் என்று 180க்கு மேற்பட்ட படிக்குப் போய், கூடிய நிலையான கட்டணத்தையும் மேல்படி விலைகளையும் கட்டுகிறார்கள். அரசாங்கம் ஏழைக்கு என்று குறைத்து வைத்த விலை இந்த வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

இதற்கு மேல் சில வீட்டுக்காரர்கள் "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று தாங்களே ஒரு விலை போடுகிறார்கள். நியாயமான கணக்கு இது: மாதம் வந்த பில்லை அப்படியே பாருங்கள். நிலையான கட்டணத்தை நான்காகப் பிரியுங்கள். மிச்சத் தொகையை 200ஆல் வகுத்து ஒரு யூனிட் விலையை எடுங்கள். அதை உங்கள் சப் மீட்டர் யூனிட்டால் பெருக்குங்கள். பொதுவான 24 யூனிட்டின் பணத்தை வீட்டுக்காரரும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், அந்த மோட்டர் அவர் வீட்டுத் தாங்கிக்கும் தண்ணீர் ஏற்றுகிறது என்றால்.

சப் மீட்டர் இல்லாமல் "ஆளுக்கு இவ்வளவு" என்று பிரிக்கும் வீட்டில் ஹீட்டர், பிரிட்ஜ் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பல்ப்பும் ஒரு போன் சார்ஜரும் வைத்திருப்பவர் மற்றவரின் சுடுதண்ணீருக்குக் கட்டுகிறார்.

கடைசி_லயம்

டவுன் கதை சரி. தோட்டத்துக்குள்ளேயே ஒரு வாடகைப் பிரச்சினை இருக்கிறது, அதையும் சேருங்கள்.

லயத்தில் இருக்கிறவர் வாடகையாளும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. வேலைக்காகக் கொடுத்த குடியிருப்பு என்பதுதான் கம்பனியின் நிலைப்பாடு. நிலம் அரசாங்கத்துடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் எடுத்தது, 1992இல் தனியார் கம்பனிகளுக்குப் போனது, 53 வருடக் குத்தகையில் இருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன், குத்தகைக்காரன் ஒருவன், பரம்பரையாக அதில் குடியிருப்பவர் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளின் கையில் மட்டும் எந்தத் தாளும் இல்லை. வாடகை கொடுக்காததால் ரசீதும் இல்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (லய அறை) என்றால் 120 சதுர அடி. அதில் கல்யாணம் முடித்த மகன், அவர் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தாய் தகப்பன். இஸ்தோப்பை (முன் விறாந்தையை) தகரம் அடித்து அறையாக்குவது ஆசைக்காக இல்லை. "அனுமதி இல்லாமல் கட்டினாய்" என்று அதைத்தான் உடைக்க வருகிறார்கள்.

வீட்டுத் திட்டப் பட்டியல் போடும்போது யார் பேர் முதலில் வருகிறது? செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் உள்ளவர். கைக்காசுக்கு (பதிவில்லாமல் அன்றாடக் காசுக்கு) கொழுந்து எடுப்பவர், கொழும்பில் வேலை செய்து மாதம் ஒருமுறை வருகிறவர், பென்ஷன் வயது தாண்டியவர், புருஷன் பேரில் மட்டும் பதிவு இருந்து இப்போது தனித்து நிற்கும் பெண், இவர்கள் எல்லாம் பின்னுக்குப் போகிறார்கள். இந்தப் பெண்கள் விஷயத்தைத்தான் நான் பெரிய அநியாயமாகப் பார்க்கிறேன். முப்பது வருடம் கொழுந்து கூடை சுமந்தவருக்கு வீட்டு விண்ணப்பத்தில் "குடும்பத் தலைவர்" கட்டத்தில் இடமில்லை.

தோட்டத்தில் காலியான காம்பராவை, அங்கே முன்பு இருந்தவர் மாத வாடகைக்கு விடுவதும் நடக்கிறது. அப்படி எடுத்தவருக்குத் தோட்டமும் தெரியாது என்கும், பிரதேச சபையும் தெரியாது என்கும்.

டிக்கோயா_சாரல்

லயத்தில் இருந்து வேலை நின்றதும் "காம்பராவைக் கொடு" என்றால் உடனே போக வேண்டியதா? நிறையப் பேர் துரை (தோட்ட மேனேஜர்) சொன்ன அன்றே சாமானைக் கட்டிவிடுகிறார்கள்.

நொத்தாரிசு_மேசை

வேண்டியதில்லை. 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டம் இதற்கென்றே வந்தது. வேலை முடிந்தது என்பதற்காகத் தோட்டத்தில் வசிப்பவரை நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியேற்ற முடியாது. துரையின் கடிதம் நீதிமன்றக் கட்டளை ஆகாது. காவலாளியை அனுப்பிக் கூரைத் தகரத்தைக் கழற்றுவதும் கட்டளை ஆகாது.

ஆனால் கவனம். அரச காணி என்பதால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வரலாம். அதில் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீங்கள் சொல்லக்கூடிய பதில் மிகக் குறுகியது: செல்லுபடியாகும் அனுமதிப் பத்திரமோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ உங்களிடம் இருக்க வேண்டும். "என் தாத்தா காலத்தில் இருந்து இருக்கிறோம்" என்பதை அந்த நீதிமன்றம் கேட்காது. ஆகவே எந்தச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்திருக்கிறது என்று தலைப்பை வாசியுங்கள். 30 நாள் ஓடத் தொடங்கிய அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்றக் கட்டடங்களில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கும். 29 ஆம் நாள் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கல்லுக்கட்டு_பதுளை

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. டவுனில் மலிவான அறை எது? ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருப்பது. முன்பக்கம் கடை, பின்பக்கம் படி இறங்கினால் பள்ளத்தில் இரண்டு தட்டு. அந்தக் கீழ்த்தட்டு அறையின் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும். வாடகை குறைவதற்குக் காரணம் அந்தச் சுவர்தான்.

அறை பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் போங்கள். பின்சுவரில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கை குளிர்ந்து ஈரம் ஒட்டினால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது. தரையில் இருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் பொங்கி, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது புது ஈரம் இல்லை, வருடக்கணக்கான ஈரம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் கட்டில் இருக்கும் மூலையை, அலுமாரிக்குப் பின்னாலே பாருங்கள், அங்கே அடித்திருக்க மாட்டார்கள். அந்த அறையில் குழந்தைக்கு இழுப்பு வந்தால் மருந்துச் செலவும் வாடகைதான்.

பிறகு வெளியே வந்து கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். வெட்டிய மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடக்கும் இடைவெளியும் தண்ணீர் ஓட ஒரு கானும் இருக்க வேண்டும். கான் இருந்தும் குப்பையால் அடைத்திருந்தால் இல்லாதது மாதிரிதான். மண்ணைத் தாங்கும் கல் கட்டில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கிறதா, அந்த ஓட்டைகளில் மழை நாளில் தண்ணீர் வருகிறதா. வராவிட்டால் கட்டுக்குப் பின்னால் பாரம் ஏறுகிறது. கல் கட்டு வயிறு தள்ளி நின்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மண்சரிவு அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிய வேண்டியவை: நிலத்தில் புது வெடிப்பு, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, மரமும் போஸ்டும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த தண்ணீர்ப் பீலி திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அங்கே மண் ஆபத்து என்று முன்பே தெரிந்திருந்தது, போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. வாடகையாளுக்கும் அதே நிலைமைதான்: ஆபத்து தெரியும், அதைவிட மலிவான அறை இல்லை.

படிவம்_நிரப்பி

கல்லுக்கட்டு அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். சரிவு வந்து வீடு சேதமானால் கிராம அலுவலர் கணக்கெடுக்க வருவார். அந்த வீட்டு இலக்கத்தில் அவர் புத்தகத்தில் இருப்பது வீட்டுக்காரரின் குடும்பம். கீழ்த்தட்டில் இருந்த மூன்று குடும்பங்கள் அதில் இல்லை என்றால் நிவாரணப் பட்டியலிலும் சிரமம்தான். இதுதான் முகவரிப் பிரச்சினையின் முழு வடிவம். ஓட்டுப் போட மட்டும் இல்லை.

வாக்காளர் இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. சாதாரணமாக வசிக்கும் இடத்தில்தான் பதிய வேண்டும், அந்த வீட்டின் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. வாடகைக்கு இருப்பவருக்குப் பதிய முழு உரிமை இருக்கிறது. நடைமுறையில் தடை எங்கே? படிவம் வீட்டுக்காரர் கைக்கு வரும், அவர் தன் குடும்பத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார். "உங்க பேரைப் போட்டா பிறகு வீடு உங்களுதுன்னு கேஸ் போடுவீங்க" என்பதுதான் வழக்கமான பயம்.

செய்ய வேண்டியது: கணக்கெடுப்புக் காலத்தில் கிராம அலுவலரிடம் நேராகப் போய் அந்த விலாசத்தில் தனிக் குடும்பம் என்று சொல்லித் தனியாகப் படிவம் கேளுங்கள். கையில் வாடகை ரசீது, பிள்ளையின் கிளினிக் அட்டை, அந்த விலாசத்துக்கு வந்த வங்கிக் கடிதம், எது இருந்தாலும் கொண்டுபோங்கள். பழைய இடத்தில் பேர் இருந்தால் அதை வெட்டவும் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் சிக்கல். இடாப்பின் வரைவு பார்வைக்கு வைக்கும்போது உங்கள் பேர் இல்லையென்றால் உரிமைக் கோரிக்கை போடக் காலம் இருக்கிறது, அந்த நாட்களை விட்டுவிட்டால் அடுத்த வருடம்தான்.

முதலாம் வகுப்பு அனுமதியில் இதன் வலி தெரியும். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரப் பிரிவில் முந்திய ஐந்து வருட இடாப்புப் பதிவுக்குப் புள்ளி இருக்கிறது. வசிப்பிட ஆவணத்தில் சொந்த உறுதிக்குக் கூடுதல் புள்ளி, பதிவுசெய்த குத்தகைக்குக் குறைவு, கடைத்தாள் எக்ரிமென்டுக்கு எதுவும் இல்லை. பிள்ளைக்கு ஐந்து வயது நடக்கும்போது ஓடினால் பிந்திவிட்டது. பிள்ளை பிறந்த வருடமே பதிய வேண்டும்.

நொத்தாரிசு_மேசை

வீட்டுக்காரர்களின் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருடம் தொடர்ந்து, சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராக இருந்தால்தான் உரிமை கோரலாம். மாதம் மாதம் வாடகை கொடுப்பவர் சொந்தக்காரரின் உரிமையை ஒவ்வொரு மாதமும் ஒத்துக்கொள்கிறார். வாடகை கொடுத்துக்கொண்டு இருபது வருடம் இருந்தாலும் அது எதிரான இருப்பு ஆகாது. ஆகவே ரசீது கொடுக்காமல் இருப்பதுதான் வீட்டுக்காரருக்கு ஆபத்து. ரசீதின் அடிக்கட்டை அவருடைய பாதுகாப்பு, மேல்தாள் உங்களுடைய பாதுகாப்பு. இடாப்பில் பேர் இருப்பது வசிப்பதற்குச் சான்று, சொந்தத்துக்குச் சான்று இல்லை.

மேல்வீதி_ஹட்டன்

வீட்டுக்காரர் பக்கத்தையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும். டவுனில் அறை கட்டி வாடகைக்கு விடுகிற எல்லோரும் பணக்காரர் இல்லை. வெளிநாட்டில் வேலை செய்த காசில் ஒரு தட்டுப் போட்டு, வங்கிக் கடனை வாடகையில் அடைக்கிற குடும்பங்கள் நிறைய. மூன்று மாதம் வாடகை நின்று, கரண்ட் பில்லும் நின்று, ராவோடு ராவாகக் காலி செய்துபோனால் அவர்கள் யாரிடம் போவார்கள்? வழக்குப் போட்டால் வருடக்கணக்கு. அந்தப் பயத்தில்தான் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2023இல் வந்த 1 ஆம் இலக்கச் சட்டம் குத்தகை முடிந்த இடத்தைச் சீக்கிரம் மீட்க வழி செய்தது, ஆனால் அது எழுத்தில் குத்தகை உள்ளவர்களுக்கு.

யூனிட்_கணக்கு

மேல்வீதி சொல்வது நியாயம். ஆனாலும் அட்வான்ஸின் பாரம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாயாக இருந்தது; கணக்குக்கு அதையே எடுப்போம். 25 நாள் முழுக்க வேலை கிடைத்தால் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,700 போனால் 31,050. இந்தச் சம்பளம் எடுக்கும் குடும்பம் பிள்ளையின் படிப்புக்காக டவுனுக்கு வந்து 12,000 வாடகையில் அறை எடுக்கிறது என்று வையுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் 72,000. இரண்டு மாத முழுச் சம்பளத்துக்கு மேல், சாப்பாடு இல்லாமல். அதை நகை அடகுக்கோ நாள்வட்டிக்கோதான் எடுக்கிறார்கள். அட்வான்ஸுக்கு வீட்டுக்காரர் வட்டி கொடுப்பதில்லை, அடகுக் கடைக்கு வாடகையாள் வட்டி கட்டுகிறார்.

ஒரே ஊரில் மாதச் சம்பளக்காரர் அலுவலகக் கடிதத்தைக் காட்டி இரண்டு மாத அட்வான்ஸில் எடுத்துவிடுகிறார். கைக்காசுக்காரரிடம் ஆறு மாதம் கேட்கிறார்கள். பணம் குறைந்தவருக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல்.

படிவம்_நிரப்பி

நுவரெலியாவில் இன்னொன்று. ஏப்ரல் சீசனுக்கு முன் அறைகளைக் காலி செய்யச் சொல்லுவது. மே மாதத்தில் வந்து பத்து மாதம் இருக்கலாம், மார்ச்சில் போய்விட வேண்டும். சுற்றுலாக்காரரிடம் சில நாளில் எடுப்பது வாடகையாளின் பல மாதப் பணம். இதனால் அங்கே வேலை செய்யும் ஹோட்டல் பையன்களும் மரக்கறித் தோட்டக் கூலிக்காரர்களும் வருடத்துக்கு ஒருமுறை மூட்டை தூக்குகிறார்கள், இடாப்பில் நிலையாக ஒரு விலாசமும் சேர்வதில்லை. ஒப்பந்தம் எழுதும்போது முடிவுத் திகதி மார்ச்சில் விழுகிறதா என்று பாருங்கள்.

கடைசி_லயம்

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். "எங்க பேர் ஏன் இல்ல" என்று தலைவர்மாரிடம் கேட்டால் "அடுத்த முறை" என்பார்கள். எழுத்தில் கேளுங்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் ஒரு கடிதம் போதும். பிரதேச செயலகத்துக்கு அல்லது 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான பெருந்தோட்டப் பிரதேசப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கு, "தகவல் அலுவலர்" என்று விலாசமிட்டு அனுப்புங்கள். "ஏன் அநியாயம் செய்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. கேட்க வேண்டியது ஆவணம்: இன்ன தோட்டத்தின் இன்ன பிரிவில் வீட்டுக்குத் தெரிவானவர்களின் பட்டியல், தெரிவுக்குப் பயன்படுத்திய தகுதி நிபந்தனைகளின் பிரதி, தெரிவுக் கூட்டத்தின் குறிப்பு, நிராகரித்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் காரணமும். நான்கே வரி. கொடுத்ததற்கு ஒப்புகைக் கடிதம் வாங்குங்கள்.

14 வேலை நாளுக்குள் கொடுக்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தகுதி நிபந்தனை கையில் வந்துவிட்டால்தான், தனித்து நிற்கும் பெண்ணை எந்த நிபந்தனையால் தள்ளினார்கள் என்று கேட்க முடியும். நிபந்தனையில் அப்படி ஒன்றும் இல்லாமலே தள்ளியிருந்தால் அதுதான் உங்கள் முறைப்பாட்டின் முதல் வரி.

இன்னொரு கதவும் பூட்டியிருக்கிறது. சேமலாப நிதியில் பத்து வருடம் பணம் கட்டியவர் வீட்டுத் தேவைக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம், கணக்கில் குறைந்தது மூன்று லட்சம் இருக்க வேண்டும். சொந்தக் காணியும் உறுதியும் உள்ளவருக்கு இது பெரிய உதவி. லயத்தில் இருப்பவருக்கும் வாடகை அறையில் இருப்பவருக்கும் காட்ட உறுதி இல்லை. தன் வியர்வைப் பணம், தன் வீட்டுக்கு உதவவில்லை. அட்வான்ஸுக்கும் குத்தகைக்கும் இதில் ஒரு பகுதியை எடுக்க விட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சம்பளத்துக்குப் போராடுகிற அளவுக்கு இதற்கும் குரல் வேண்டும்.

கல்லுக்கட்டு_பதுளை

கோரிக்கை என்று வந்தால் என்னுடையது பிரதேச சபைகளுக்கு. 2018இல் நுவரெலியா, அம்பகமுவ சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகள் வந்தன. அதே வருடம் சட்டத் திருத்தத்தால் தோட்டப் பகுதிக்கும் சபைப் பணத்தைச் செலவழிக்க வழி வந்தது. கடைத்தொகுதி கட்டி வாடகைக்கு விடுகிற சபைகள், அதே மேல்தட்டில் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டலாம். எல்லோருக்கும் காணியும் வீடும் கொடுத்து முடிக்கும்வரை வாடகைக்காரர் பள்ளத்தில் காத்திருக்க முடியாது.

டிக்கோயா_சாரல்

நிறைய விஷயம் வந்துவிட்டது. இரண்டு கேள்வி மட்டும் மிச்சம். ஒன்று, ரசீது எப்படி எழுதுவது. இரண்டு, வாடகையாள் வேலைக்குப் போன நேரம் பூட்டை மாற்றிச் சாமானை வெளியே போட்டுவிட்டால் என்ன செய்வது.

நொத்தாரிசு_மேசை

ரசீது: சாதாரண ரசீதுப் புத்தகம் போதும், கார்பன் வைத்து இரண்டு தாள். அதில் இப்படி இருக்கட்டும்: "இன்ன இலக்கம், இன்ன வீதி, ஹட்டன் என்னும் வீட்டின் கீழ்த்தட்டு இரண்டாம் அறைக்கு, 2025 ஜூன் மாத வாடகையாக ரூபா 12,000 இன்ன அடையாள அட்டை இலக்கம் உடையவரிடமிருந்து பெற்றுக்கொண்டேன்." திகதி, கையெழுத்து. மாதத்தின் பேர் கட்டாயம் வேண்டும், "வாடகை" என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும். சிலர் "பணம் பெற்றேன்" என்று மட்டும் எழுதுவார்கள், அது கடன் திருப்பியது என்று மாறிவிடும். அட்வான்ஸுக்குத் தனி ரசீது, அதில் "வீட்டை ஒப்படைக்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியது" என்று எழுதுங்கள். ரசீது தரவே மாட்டேன் என்றால் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். வாடகையை வாங்கவே மறுத்து, பிறகு "வாடகை கட்டவில்லை" என்று சொல்லி வெளியேற்றப் பார்ப்பதும் நடக்கும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடு என்றால் அந்தப் பணத்தை உள்ளூராட்சிச் சபையில் கட்டலாம், அது வீட்டுக்காரருக்குக் கட்டியதாகவே கொள்ளப்படும். உங்கள் வீடு அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்பதைச் சட்ட உதவியில் கேட்டுக்கொள்ளுங்கள், புதிய கட்டடங்கள் பல வராது.

அட்வான்ஸ் திருப்பித் தராவிட்டால் முதலில் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம். பெரும்பாலும் வார இறுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும், வேலைநாள் கெடாது, சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வந்தால் எழுதி வாங்குங்கள். வராவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் தருவார்கள், அது இல்லாமல் சிறு தொகை வழக்கை நீதிமன்றம் எடுக்காது.

பூட்டை மாற்றிவிட்டால்: வாடகை பாக்கி இருந்தாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது. அன்றே பொலிஸில் முறைப்பாடு. வெளியே கிடக்கும் சாமானைப் போனில் படம் எடுங்கள், புதிய பூட்டையும் எடுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் பொலிஸாரும் போகலாம், அவர்கள் போகாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியோடு போகலாம். பலவந்தமாக வெளியேற்றியதில் இருந்து இரண்டு மாதத்துக்குள் அந்த விண்ணப்பம் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 68 ஆம் பிரிவின் கீழ் உங்களை மறுபடி உள்ளே விடச் சொல்லிக் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. "பேசித் தீர்ப்போம், அடுத்த மாசம் வாங்க" என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொன்னால் அந்த இரண்டு மாதம் போய்விடும். பேச்சு நடக்கட்டும், விண்ணப்பம் போய்விட வேண்டும். முறைப்பாட்டின் பிரதியும் அது எழுதப்பட்ட புத்தகத்தின் பக்க இலக்கமும் வாங்காமல் பொலிஸில் இருந்து வெளியே வராதீர்கள்.